காக்கப்படுபவர் காத்தது எங்ஙனே? பெரியாழ்வார் திருச்சரிதமும் மங்களாசாசனத்தின் உட்பொருளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திவ்யப்ரபந்தத்தை நாள்தோறும் சேவிக்கும் அடியார்கள் அனைவரும் முதலில் சொல்வது திருப்பல்லாண்டு. திருக்கோயில்களில் திருவாராதனம் நடக்கும்போதும், இல்லங்களில் சிறு ஸந்நிதியின் முன் நிற்கும்போதும், எந்த நாட்டில் வாழ்ந்தாலும் நம் திருநா முதலில் தொடுவது இந்தப் பிரபந்தத்தையே. நாவுக்குப் பழகிப்போனதனாலேயே இதனுள் இருக்கும் ஒரு பெரிய கேள்வி நம் கண்ணுக்குப் படாமல் போகிறது. எம்பெருமான் ஸர்வரக்ஷகன். அவனுக்குப் பிறப்பு, மூப்பு, இறப்பு என்பன இல்லை. காலம் அவனுக்கு உட்பட்டது. அவன் காலத்துக்கு உட்பட்டவன் அல்லன். அப்படியிருக்க, காக்கப்படும் ஜீவாத்மா, காக்கின்ற பரமாத்மாவை நோக்கிப் பல ஆண்டுகள் நீ நலமாயிருக்க வேண்டும் என்று வாழ்த்துவது தகுமா? சொல்லைச் சொல்லளவில் எடுத்துக்கொண்டால் இது தத்துவத்துக்கு முரணாகும். வெறும் அலங்காரம் என்று ஒதுக்கினால் ஆழ்வாருடைய திருவுள்ளத்துக்குத் தப்பாகும்.

நம் பூர்வாசாரியர்கள் இவ்விரண்டு வழியையும் விட்டு மூன்றாவது ஒரு வழியைக் காட்டியருளினார்கள். அதை அறிவதற்குப் பெரியாழ்வாருடைய திருச்சரிதமே தக்க வாயில். ஆகவே அவருடைய பாசுரங்களை இங்கு எடுத்தெழுதாமல், அவர் வாழ்ந்த வாழ்வையும், அவர் சொன்ன சொல்லுக்குப் பெரியோர் கண்ட பொருளையும் மட்டும் சேர்த்து அனுபவிப்போம்.

திருவவதாரமும் திருநந்தவனமும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர். வில்லி, கண்டன் என்னும் வேடர்குலத் தலைவர்களின் பெயரோடு இணைத்து இவ்வூரின் தோற்றத்தைத் தலபுராணம் கூறும். ஆலிலைமேல் துயில்கொண்ட எம்பெருமான் வடபத்ரசாயியாக இங்கே எழுந்தருளியிருக்கிறான். இவ்வூரில் வேயர் குலத்தில், ஆனி மாதத்து ஸ்வாதி நக்ஷத்திரத்தில், பெரிய திருவடியான கருடனுடைய அம்சமாக அவதரித்தவர் விஷ்ணுசித்தர். குருபரம்பரை நூல்கள் கலியுகத் தொடக்கத்தை ஒட்டி இவருடைய காலத்தைக் குறிக்கின்றன. வரலாற்றாய்வாளர்கள் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்பர். திருமாலிருஞ்சோலையைப் பாடுமிடத்தில் கூடல் நகர் மன்னனாகிய நெடுமாறனை ஆழ்வாரே பெயர் சொல்லிக் குறிப்பது அவர்களுக்கு ஆதாரமாகிறது.

விஷ்ணுசித்தர் சாஸ்திரங்களைக் குருமுகமாகக் கற்றவர் அல்லர் என்று நாதமுனிகள் அருளிய தனியன் தெரிவிக்கிறது. எம்பெருமானுக்கு உகப்பான கைங்கர்யம் எது என்று அவர் ஆராய்ந்தார். கண்ணன் கம்ஸனுடைய வில்விழாவுக்காக வடமதுரைக்கு எழுந்தருளியபோது, அழைப்பின்றித் தானே சென்று புகுந்தது ஒரு மாலாகாரர் வீடு. பூமாலைக்காக அவன் கைநீட்டி நின்ற இடம் அது. பகவான் தானே விரும்பி இரந்த பொருள் பூவென்றால், பூக்கைங்கர்யத்துக்கு மேற்பட்டது வேறில்லை என்று அவர் துணிந்தார். நந்தவனம் அமைத்து, செடி நட்டு, நீர் இறைத்து, மலர் கொய்து, மாலை கட்டி வடபெருங்கோயிலுடையானுக்குச் சாத்தி வந்தார்.

அந்த நிலத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கே இக்கைங்கர்யத்தின் அருமை புரியும். மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, கரிசலும் மானாவாரிப் புன்செயுமாக நிலம் காயும். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் சிவகாசியும், அதை ஒட்டித் திருமங்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருத்தங்கல் திவ்யதேசமும் இருக்கின்றன. இந்த வறண்ட வானிலையே 1920-களில் அங்குத் தீப்பெட்டித் தொழிலும், பின்னர் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியதற்கு ஒரு காரணமாயிற்று. மருந்து காய்வதற்கு ஏற்ற வெயிலில் மல்லிகையை வாடாமல் காப்பது எளிதன்று. நாள் தவறாமல் நீர் விட்டு, வெயில் ஏறுமுன் பறித்து, வாடுமுன் சாத்தியாக வேண்டும். வாடிவிடுமோ என்னும் அச்சத்தோடேயே பூவைக் கையாளும் பழக்கம் அவருக்கு அங்கேயே உண்டாயிற்று. எம்பெருமானுடைய திருமேனியைக் கண்டபோது அவருக்கு எழுந்த அச்சமும் இந்த நந்தவனத்தில் வளர்ந்த அச்சமே என்று கொள்ள இடமுண்டு.

கூடல் மாநகரில் கிழியறுத்த வரலாறு

அக்காலத்தில் மதுரையில் ஸ்ரீவல்லபதேவன் என்னும் பாண்டியன் அரசாண்டான். ஓர் இரவு நகர்சோதனைக்குச் சென்றவன், கங்கையாடி வந்த ஓர் அந்தணர் திண்ணையில் படுத்திருக்கக் கண்டான். அவரை எழுப்பி நல்வார்த்தை ஒன்று கேட்டான். மழைக்காலமாகிய நான்கு மாதங்களுக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்துடைய ஒரு சுலோகத்தை அவர் சொல்லி, அதன் பொருளையும் விளக்கினார்.

மன்னன் அச்சொல்லைப் பொருளறிந்து கேட்டான். முதல் மூன்றும் எவரும் அறிந்தவை. அரசனாகிய அவனுக்கு அம்மூன்றிலும் குறை கிடையாது. அவை நான்காவதைப் புரியவைக்க வந்த த்ருஷ்டாந்தங்கள். உவமையிலேயே நின்றுவிடாமல் உவமிக்கப்பட்ட பொருளைப் பிடித்தான் பாண்டியன். மறுமைக்கு நான் என்ன தேடிவைத்தேன் என்ற கேள்வி அவனை உறங்கவிடவில்லை. தன் புரோகிதரான செல்வநம்பியிடம் அவன் கேட்க, வித்வான்களைக் கூட்டிப் பரதத்துவத்தை நிர்ணயிக்கச் செய்வதே வழி என்று அவர் தெரிவித்தார். ஒரு கம்பத்தில் பொற்கிழி கட்டப்பட்டது. உண்மைப் பொருளை நிலைநாட்டுபவர் முன் அக்கிழி தானே தாழும் என்பது ஏற்பாடு.

வடபெருங்கோயிலுடையான் விஷ்ணுசித்தரின் கனவில் தோன்றி, மதுரைக்குச் சென்று கிழியை அறுத்துவருமாறு நியமித்தான். மண்வெட்டியும் பூக்கூடையும் பிடித்த கைக்கு வித்வத் சபையில் என்ன வேலை என்று அவர் தயங்கினார். காட்டுவது நானாயிருக்க உமக்குக் கவலை ஏன் என்பது பெருமானுடைய திருவுள்ளம். அவர் கூடல் சென்றார். வேதம், ஸ்ம்ருதி, இதிஹாசம், புராணம் ஆகிய அனைத்தும் ஸ்ரீமந்நாராயணனே பரதத்துவம் என்று ஒருமுகமாகச் சொல்வதை விரித்துரைத்தார். கிழி அவர் முன் தாழ்ந்தது, அதை அறுத்துக்கொண்டார். அரசன் அவருக்குப் பட்டர்பிரான் என்னும் பட்டம் சூட்டினான்.

இங்கே நாதமுனிகளின் தனியனில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசன் வைத்த பொருளைப் பெற விரும்பியவர் என்று அது ஆழ்வாரைக் குறிக்கிறது. விரக்தரான ஒருவருக்குப் பொருளாசை உண்டாகுமோ என்று வாசிப்பவர் மயங்கலாம். அந்த விருப்பம் தமக்காக எழுந்ததன்று. நியமித்தவன் எம்பெருமான்; பொருள் போய்ச் சேர்ந்ததும் அவனுடைய கைங்கர்யத்திலேயே. யாருக்காக என்பதை அறியாமல் விருப்பம் என்னும் சொல்லை மட்டும் எடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. அந்தச் சபையில் ஆழ்வார் பேசிய பேச்சு அவருடைய பிரபந்தமாக நம்மிடம் வந்து சேரவில்லை. வாதத்தில் வென்ற சொற்களைக் காட்டிலும், வென்றபின் அவர் பாடிய பாட்டையே நம் ஸம்ப்ரதாயம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. பரதத்துவம் இன்னது என்று காட்டியது சபையில் நிகழ்ந்த பேச்சு. அந்தத் தத்துவத்தை அறிந்த நெஞ்சு எப்படி உருகும் என்று காட்டியது வீதியில் எழுந்த பாட்டு.

யானைமேல் எழுந்த மங்களாசாசனம்

பட்டர்பிரானைப் பட்டத்து யானைமேல் ஏற்றி, அரசன் பரிவாரங்களோடு மதுரை வீதிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றான். அப்போது எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் ஏறி, நித்யஸூரிகளும் பிரமன் முதலானோரும் சூழ வானத்தில் காட்சி தந்தான். தம் மகனுக்கு நடக்கும் பெருவிழாவைக் காணத் தாய்தந்தையர் ஆசையோடு வருவதுபோல அவன் வந்தான் என்று வ்யாக்யானம் இக்காட்சிக்கு உவமை காட்டும்.

இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். பெற்றோராக வந்தவன் அவன். பிள்ளையாக யானைமேல் இருந்தவர் ஆழ்வார். அவனைக் கண்ட நொடியில் முறை மாறிற்று. காலம் செல்லாத பரமபதத்தில் இருக்க வேண்டிய திருமேனி, காலம் ஆட்சி செய்யும் இந்த மண்ணுலகில், பலருடைய கண்ணும் படும்படி வெளியே வந்து நிற்கிறதே என்று ஆழ்வார் நடுங்கினார். தமக்குக் கிடைத்த சிறப்பு மறந்தது. சபையில் நிலைநாட்டிய பரத்வமும் மறந்தது. யானையின் கழுத்து மணிகளைத் தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடத் தொடங்கினார். சற்றுமுன்தான் இவன் எல்லாருக்கும் மேற்பட்டவன் என்று நிறுவியவர், இப்போது இவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சுகிறார். பிள்ளையாயிருந்தவர் தாயானார்.

அவருடைய அச்சத்தைத் தீர்க்க எம்பெருமான் மல்லர்களை அழித்த தன் திருத்தோள்களைக் காட்டினான் என்பர். அதனால் அச்சம் தீரவில்லை, பெருகிற்று. வீரனான மகனைப் பெற்ற தாய், இவன் தன் வலிமையை நம்பி எதையும் மதியாமல் போருக்குப் போய்விடுவானே என்று மேலும் அஞ்சுவாள். அத்தாயின் நிலை ஆழ்வாருக்கு உண்டாயிற்று. அபயமளிக்க வந்த அடையாளமே பயத்துக்குக் காரணமாயிற்று.

தாம் ஒருவர் பாடினால் போதாது என்று கருதி ஆழ்வார் மற்றவரையும் அழைக்கிறார். பகவானையே பேறாக விரும்புவோர், கைவல்யம் விரும்புவோர், ஐச்வர்யம் விரும்புவோர் என மூவகையினரையும் விளிக்கிறார். அவர்களும் தத்தம் ஆசையை விட்டு வந்து கூடுகிறார்கள் என்பது 12 பாசுரங்களின் அமைப்புக்கு ஆசாரியர்கள் காட்டும் பொருள். வேறு பயனைக் கேட்டு வாழ்ந்தவர்களும், பெருமானுக்கு ஆபத்து என்ற பேச்சைக் கேட்டதும் தம் வேண்டுதலை மறந்து காவலில் சேர்கிறார்கள். வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், அதுவரை தத்தம் பங்கைப் பற்றிப் பேசியிருந்தவர்களும் பேச்சை விட்டுத் தொட்டிலைச் சுற்றி நிற்பதை நாம் அறிவோம்.

ஆண்டு என்னும் அளவு

காலத்தைக் கடந்தவனுக்கு ஆண்டுக் கணக்கு ஏன் என்பது அடுத்த ஐயம். மனிதனிடம் உள்ள அளவுகோல் ஆண்டு. அதைக் கொண்டே அவன் நீட்சியைச் சொல்லியாக வேண்டும். ஆழ்வார் அந்த அளவை எடுத்து, அது போதாதென்று பல என்கிறார். பின்னும் போதாமல் ஆயிரம் என்றும், கோடி என்றும் அடுக்குகிறார். மனிதருடைய ஆண்டு, தேவருடைய ஆண்டு, பிரமனுடைய ஆண்டு என்று வளர்ந்துகொண்டே போகும் கணக்கை இந்த அடுக்கில் பெரியோர் கண்டார்கள். முடிவில் அளவைக் குறிக்கும் சொற்கள் அளவில்லாமையைக் குறிப்பனவாகின்றன. இத்தனை ஆண்டு என்று வரையறுப்பது அவருடைய நோக்கமன்று. ஒரு கணமும் இடைவெளி விழக்கூடாது என்பதே.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தாகத்தால் வருந்துபவன் தண்ணீர் என்று ஒருமுறை சொல்லி நிறுத்துவதில்லை. கேட்டவருக்கு ஒருமுறையிலேயே புரிந்துவிடும். ஆனால் தாகம் அடங்கினால்தான் அவன் சொல் அடங்கும். இலக்கணம் அறிந்தவர் அடுக்குத்தொடர் என்று பெயரிடுவார்கள். அந்த அடுக்கு எதிலிருந்து பிறந்தது என்பதையே வ்யாக்யாதாக்கள் நமக்குக் காட்டுகிறார்கள்.

இடம் மாறி நிற்கும் காவல்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இக்கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டு விடை தருகிறார். மங்களாசாசனம் ஜீவாத்ம ஸ்வரூபத்துக்குச் சேருமோ என்பது வினா. இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பது விடை. ஜ்ஞான தசையில் காப்பவன் அவன், காக்கப்படுபவர் நாம் என்னும் முறை தன் இடத்தில் நிற்கும். ப்ரேம தசையில் அம்முறை இடம் மாறி நிற்கும். அறிவு அவனுடைய ஆற்றலைப் பார்க்கிறது. அன்பு அவனுடைய ஸௌகுமார்யத்தைப் பார்க்கிறது. ஒரே திருமேனியை இரண்டு கண்கள் காண்கின்றன. ஆகையால் பல்லாண்டு என்னும் சொல் அறியாமையால் வந்ததன்று. அறிவு முதிர்ந்து அன்பானபின் வந்தது.

இதற்கு முன்னுதாரணங்களையும் ஆசாரியர்கள் காட்டுவர். நான்கு திருத்தோள்களோடு சங்கு சக்கரம் ஏந்திப் பிறந்தவனைக் கண்ட தேவகிப் பிராட்டி, இவ்வடிவைக் கம்ஸன் அறியாதபடி மறைத்துக்கொள்ளுமாறு வேண்டினாள். ஆயுதங்களை அவள் கண்டாள், ஆயினும் அஞ்சினாள். கானகம் புறப்பட்ட இராமபிரானுக்குக் கௌசல்யை மங்களம் செய்து காப்பிட்டாள். கங்கைக்கரையில் பெருமாள் துயின்ற இரவில், காவல் நின்ற இளையபெருமாளையே குகன் ஐயுற்றான். அவ்விருவரையும் குகனுடைய பரிவாரம் ஐயுற்று, வில்லேந்தி விழித்திருந்தது. காவலுக்குக் காவல் வைக்கும் இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று நியாயம் சொல்லலாம். அன்பு அந்த நியாயத்தைக் கேட்பதில்லை. அச்சத்துக்கு இடமில்லாத இடத்தில் அஞ்சுவதே அன்புக்கு அடையாளம்.

மற்ற ஆழ்வார்களும் மங்களாசாசனம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது எப்போதோ நேர்வது. இவருக்கு எப்போதும் உள்ளது. எம்பெருமானுடைய அழகுவெள்ளத்தில் மற்றவர்கள் ஆழ்ந்து தம்மை மறந்தார்கள். அவர்களுக்கு நிலைகொள்ளாத ஆழமாக இருந்த அதே இடம் இவருக்கு நின்று காவல்காக்கும் மேடாயிற்று என்னும் கருத்தில் ஸ்ரீவசனபூஷணம் இவ்வேறுபாட்டைச் சொல்லும். அழகில் ஆழ்ந்தவர்க்கு அனுபவம் கிடைத்தது. இவர்க்கு அந்த அழகுக்குக் கண்ணேறு படக்கூடாதே என்னும் கவலை கிடைத்தது. தமக்கு வரும் அனுபவத்தையும் விட்டு அவனுடைய நலத்தையே பார்த்ததனால் இவர் பெரியாழ்வார் ஆனார் என்று மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் திருநாமத்துக்குப் பொருள் காட்டினார். வேதத்துக்குப் பிரணவம் எப்படியோ, அப்படித் திவ்யப்ரபந்தத்துக்குத் திருப்பல்லாண்டு என்றும் அவர் அருளிச்செய்தார்.

யசோதையின் திருவாக்கு

பெரியாழ்வார் அருளியவை மொத்தம் 473 பாசுரங்கள். திருப்பல்லாண்டு நீங்கலாக உள்ள 461 பாசுரங்கள் பெரியாழ்வார் திருமொழி எனப்படும். அதில் பெரும்பகுதி கண்ணனுடைய பிள்ளைப் பருவம். பிறந்த நாள் கொண்டாட்டம், திருவடி தொடங்கித் திருமுடி வரை கண்டு மகிழ்தல், தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, காது குத்துதல், நீராட்டுதல், குழல்வாரக் காக்கையை அழைத்தல், பூச்சூட்டல், காப்பிடல் என்று ஒரு தாயின் நாள்கள் முழுவதும் அங்கே உண்டு. பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கியவகை தமிழில் வளர்வதற்கு இது முன்னோடியாயிற்று.

இங்கே ஆழ்வார் தம்மை யசோதைக்கு ஒப்பிட்டுப் பேசவில்லை. யசோதையாகவே பேசுகிறார். ஒப்பிடுபவர் இரண்டு பொருளுக்கு வெளியே நிற்பார்; இவரோ உள்ளே புகுந்துவிட்டார். ஆயினும் வாசிப்பவர் மயங்காதபடி, பதிகத்தின் முடிவுப் பாசுரத்தில் தம் திருநாமத்தையும் ஊரையும் சொல்லி, இது ஆய்ச்சியின் பேச்சு என்று குறிப்பதும் உண்டு. யாருடைய சொல் என்பதற்கு அதுவே திறவுகோல்.

முதற்பதிகத்தில் வேறொரு நுட்பம் இருக்கிறது. கண்ணன் பிறந்தது வடமதுரை, வளர்ந்தது ஆய்ப்பாடி. ஆழ்வாரோ அந்தப் பிறப்பு விழாவைத் திருக்கோட்டியூரில் நிகழ்ந்ததாகப் பாடுகிறார். எண்ணெயும் மஞ்சள்பொடியும் தூவி முற்றம் சேறானது அங்கேயாம். இதை இடப்பிழை என்று கொள்வது பொருந்தாது. அவ்வூரில் எழுந்தருளியிருப்பவனே ஆய்ப்பாடியில் வளர்ந்தான் என்னும் உறுதி உள்ளவர்க்குத் தூரம் தடையாவதில்லை. தமக்குப் பொற்கிழி வாய்க்கக் காரணமான செல்வநம்பியின் ஊர் அது. அர்ச்சாவதாரத்தில் விபவத்தைக் காண்பது என்பது இப்படிப்பட்ட பார்வையையே.

பூச்சூட்டும் பதிகத்தில் செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி என்று மலர்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில் யசோதையின் அன்போடு நந்தவனக்காரரின் அறிவும் சேர்ந்திருக்கிறது. அடுத்து வரும் காப்பிடல் பதிகத்தில், திருவெள்ளறை எம்பெருமானைக் குழந்தையாகக் கொண்டு, அந்தி சாய்கிறது, வெளியே நில்லாதே, காப்பிட்டுக்கொள்ள வா என்று அழைக்கிறார். விளக்கேற்றும் நேரத்தில் தெருவில் நிற்கும் பிள்ளையை உள்ளே கூப்பிடும் தாயின் குரல் அது.

இந்தக் குரலின் பொருளை ஆழ்வாருடைய நாட்டு மக்கள் நன்கு அறிவார்கள். சிவகாசியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பட்டாசு ஆலைக்குக் காலையில் சென்றவர் மாலையில் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் பலர். ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆழ்வாருடைய அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மண்ணில் பிறந்த ஒரே வகை அன்பு. எம்பெருமானை வாழ்த்துவது தகுமா என்று சாஸ்திரம் படித்தவருக்குத் தோன்றும் ஐயம் அந்த வாசலில் நிற்பவளுக்குத் தோன்றாது. நலமாய் இரு என்பது அன்புள்ளவருடைய வாய்க்கு இயல்பாக வரும் சொல் என்பதை அவள் அறிவாள்.

சூடிக்கொடுத்த திருமகளார்

ஆடிப் பூரத்தன்று துளசி வனத்தில் கண்டெடுத்த பெண்பிள்ளைக்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் ஆழ்வார். எம்பெருமானுக்கென்று கட்டிய மாலையை அவள் தான் சூடிப் பார்த்ததும், அதனை அறிந்து அவர் கலங்கியதும், அவள் சூடிய மாலையே தனக்கு உகப்பு என்று பெருமான் கனவில் தெரிவித்ததும் அடியார்கள் அறிந்தவை. முடிவில் நம்பெருமாளுடைய நியமனப்படி அவளைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் செல்ல, அவள் அரங்கனோடு கலந்தாள். அதனால் பெரிய பெருமாளுக்கு மாமனார் என்னும் பேறு இவருக்கு வாய்த்தது.

ஒரே மகளைப் பிரிந்த தாய் புலம்புவதாக ஆழ்வாருடைய திருமொழியில் ஒரு பதிகம் உண்டு. உபன்யாசம் செய்வோர் அதைக் கோதையின் பிரிவோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கேட்பவர் கண்ணும் கலங்கும். அப்பதிகம் கண்ணனோடு சென்ற தலைமகளின் தாய் பேசும் பேச்சாக அமைந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. தாய்ப்பாசுரம் என்பது அகப்பொருள் மரபில் வந்து, ஆழ்வார்களால் பகவத் விஷயத்தில் ஏற்றப்பட்ட முறை. வாழ்க்கை நிகழ்ச்சியை மட்டும் கண்டால் பாட்டு குறிப்பேடாகிவிடும்; முறையை மட்டும் கண்டால் நெஞ்சு வறண்டுவிடும். இரண்டையும் சேர்த்து அனுபவிப்பதே ரஸம்.

இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள், ரங்கமன்னார் ஆகிய இருவரோடு ஒரே கர்ப்பக்ருஹத்தில் கருடன் கைகூப்பி நிற்கும் சேவையைக் காணலாம். ஆழ்வாரைக் கருடாம்சம் என்பதன் பொருள் அங்கே கண்கூடாகிறது. மணமக்களுக்கு அருகில் நின்று, அவர்கள் நலமாயிருக்க வேண்டும் என்று கைகூப்பும் தந்தை அவர்.

அரங்கனிடம் முன்கூட்டிச் சொன்ன வார்த்தை

திருவரங்கத்தெம்பெருமானிடம் ஆழ்வார் செய்த விண்ணப்பம் ஒன்று அவருடைய மற்றொரு நிலையைக் காட்டும். உயிர் பிரியும் வேளையில் இளைப்பும் வேதனையும் மிக, உன்னை நினைக்க என்னால் இயலாமல் போகலாம். ஆகையால் அன்றைக்கு வேண்டியதை இன்றே சொல்லிவைக்கிறேன். அப்போது நீயே என்னைக் காத்தருள வேண்டும் என்பது அதன் கருத்து. பாண்டியனை எழுப்பிய அந்தணரின் சொல்லும், முதுமைக்கும் மறுமைக்கும் முன்கூட்டியே தேடிக்கொள் என்பதாகவே இருந்தது என்பதை இங்கே நினைக்கலாம்.

பல்லாண்டு பாடி அவனைக் காத்தவர், இப்போது தம்மைக் காக்கும்படி அவனை வேண்டுகிறாரே, முன்னுக்குப் பின் முரணாகாதோ என்று ஒருவர் கேட்கலாம். ஸ்ரீவசனபூஷணம் காட்டிய இரண்டு நிலைகளை அறிந்தவருக்கு முரண் இல்லை. அங்கே பேசியது ப்ரேமம்; இங்கே பேசுவது ஜ்ஞானம். தம் உடம்பைப் பார்க்கும்போது தம்மால் ஒன்றும் ஆகாது என்று அறிகிறார். அவனுடைய திருமேனியைப் பார்க்கும்போது அந்த அறிவையும் மறந்து காவலுக்கு எழுகிறார். இரண்டும் ஒரே திருவுள்ளத்தின் பேச்சு.

நிறைவுப் பதிகத்தில் எம்பெருமான் திருப்பாற்கடல் முதலான தன் இருப்பிடங்களையும் விட்டுத் தம் நெஞ்சையே கோயிலாகக் கொண்டான் என்று ஆழ்வார் தலைக்கட்டுகிறார். வெளியே கண்ணேறு படும் இடத்தில் நின்றவனுக்கு ஒருவழியாகப் பாதுகாப்பான இடம் வாய்த்தது. திருப்பல்லாண்டில் எழுந்த அச்சம் அங்கே ஆறுதல் அடைகிறது. ஆழ்வார் திருமாலிருஞ்சோலையில் திருநாடு எழுந்தருளினார் என்பது ஸம்ப்ரதாயம். அழகர்கோயிலில் அவருடைய திருவரசு உள்ளது.

செல்லரித்த ஓலையும் மாமுனிகளின் நிதானமும்

இத்தனை பொருளும் நமக்குக் கிடைத்தது வ்யாக்யாதாக்களின் திருவருளால். நம்பிள்ளையின் சிஷ்யரான பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்தார். திருப்பல்லாண்டுக்கு அவர் அருளியது முழுமையாக உள்ளது. பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் எழுதிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்து அழிந்துபோய், இறுதிப் பகுதி மட்டுமே எஞ்சியது. ஒரு தாயின் பேச்சுக்குப் பொருள் சொன்ன ஏடுகளைக் காப்பார் இல்லாமற் போயிற்று.

மணவாளமாமுனிகள் (1370–1443) அழிந்த பகுதிக்குத் தாம் வ்யாக்யானம் அருளிச்செய்தார். பிள்ளையினுடைய வ்யாக்யானம் எந்த இடத்திலிருந்து கிடைக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் தம் எழுத்தை நிறுத்திக்கொண்டார். எஞ்சிய பாசுரங்களுக்கும் எழுத வல்லமை இருந்தும் எழுதவில்லை. ஆசாரியருடைய சொல் இருக்கும் இடத்தில் தம் சொல் வேண்டாம் என்பது அவருடைய திருவுள்ளம். பொருள் சொல்லப் புகுவோர் அனைவருக்கும் இதுவே பாடம். விடுபட்டதை நிரப்பலாம், இருப்பதை மூடக் கூடாது.

நாம் சேவிக்கும் முறை

அருளிச்செயல்களில் உவமையோ, மாற்றிச் சொன்ன முறையோ, பொருந்தாததுபோல் தோன்றும் வாழ்த்தோ வரும்போது, மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். பேசுபவர் யார் நிலையில் நின்று பேசுகிறார்? யாருடைய நலத்துக்காகப் பேசுகிறார்? ஜ்ஞான தசையில் பேசுகிறாரா, ப்ரேம தசையில் பேசுகிறாரா? இம்மூன்றையும் பெரியாழ்வாருடைய வாழ்வே நமக்குக் கற்பிக்கிறது. தந்தையாய், தாயாய், மாலாகாரராய், காவற்காரராய் அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் இம்மூன்று கேள்விகளால் திறந்துகொள்ளும்.

ஆனி ஸ்வாதி உற்சவத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் நேரில் சேவிக்கும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வெளிநாடுகளில் வாழும் அடியார்கள் பலர் தம் இல்லத்திலேயே பல்லாண்டு சேவித்து அந்நாளைக் கொண்டாடுகிறார்கள். அன்று முதற்பாசுரத்தைத் தொடங்குமுன் ஒரு கணம் திருமேனியை நிமிர்ந்து சேவித்து, இவனுக்கு ஒரு குறையும் வரக்கூடாதே என்று நினைத்துவிட்டுத் தொடங்குவோம். கேட்பதற்கு நமக்கு ஆயிரம் இருந்தாலும் அவை சற்றே காத்திருக்கட்டும். மூவகையினரையும் தம்மோடு சேர்த்துக்கொண்ட ஆழ்வார் நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
ஜீயர் திருவடிகளே சரணம்.